சிவானந்தன் எழும்பிய உயரம்

இல்ஃபோர்ட்டில் பஸ் ஓட்டிய சிவானந்தன், தன் மகள் படித்த கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி பிளிட்ஸ் போடும்போதெல்லாம் நிலத்தைவிட்டு எழும்பினார். சுமாரான பிளிட்ஸுக்கு நாலு விரல்; நல்லதுக்கு ஒரு முழம். பின்னால் காவல் நிற்க வேண்டியவர்கள் இடத்தை விட்டுவிட்டு, பந்தை எறியப்போகிறவன் மேல் ஒரேயடியாகப் பாய்வதற்குத்தான் பிளிட்ஸ் என்று பெயர். ஆளைப் பிடித்தால் ஆட்டம் திரும்பும். தவறவிட்டால் பின்னால் வெறும் வெளிதான். இடப்பக்கத்திலிருந்து பாய்பவன் பிந்தினால் சிவானந்தனின் இடது கால் தாழ்ந்து நிற்கும். மகள் கஜந்தினி படிப்பை முடித்து, கலியாணம் கட்டி எட்மண்டனுக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹக்னி மைதானத்துக்குப் போவதை அவர் விடவில்லை. மற்ற ரசிகர்கள் முதல் வருடம் படம் எடுத்தார்கள். இரண்டாம் வருடம், அவர் ஆட்டத்தை மறைக்கிறார் என்று தள்ளிப்போய் நின்றார்கள். பயிற்சியாளர் ரங்கராஜன், வாரநாட்களில் கணினி வேலை பார்க்கும் சென்னைக்காரர், ஸ்கோரைவிட சிவானந்தன் காலில் எழும்பும் சப்பாத்துகளையே அதிகம் பார்த்தார்.

சிக்கல் மூன்றாம் வருடம் வந்தது. ஆட்டக்காரர்கள் பாய்வதற்கு ஒரு கணம் முன்பே சிவானந்தன் எழும்புகிறார் என்பதை எதிரணிகள் கண்டுபிடித்தன. பந்தெறிபவர்கள் தடுப்பாட்டக்காரரை விட்டுவிட்டு அவரையே பார்க்கத் தொடங்கினார்கள். அவர் கால் கிளம்பியதும் பந்து கையைவிட்டுப் போய்விடும். அணி இரண்டு ஆட்டங்களில் தோற்று, மூன்றாவதைத் தட்டுத்தடுமாறி வென்று இறுதிப் போட்டிக்கு வந்தது. அந்த வாரம் ரங்கராஜன் சிவானந்தன் வீட்டுக்கு வந்து, அவர் மனைவி அருமைநாயகி கொடுத்த தேநீரை ஆறவிட்டார்.

“அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. ஃபைனலுக்கு மட்டும் நீங்க...”

“நான் வரேல்லைத் தம்பி,” என்றார் சிவானந்தன். “என்னாலதான் தோத்ததெண்டு எனக்கும் தெரியும்.”

ரங்கராஜன் போன பிறகு அவர் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அருமைநாயகி கண்டும் காணாததுபோல் கோப்பையை எடுத்துப் போனார்.

ஞாயிறு மத்தியானம் சோஃபாவில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சிவானந்தன், இரண்டேகால் மணிக்கு இருந்தபடியே ஒரு சாண் எழும்பினார். மைதானத்துக்கும் வீட்டுக்கும் இடையில் கிடந்த மைல்கள் அதைத் தடுக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, எழும்புறியள்!”

“ஓம். ஆனால் இடது கால் தூங்குது, பாரும்.”

இடைவேளைக்குள் ஒன்பது தரம் எழும்பினார். ஒன்பது தரமும் இடது கால் தொங்கியது. பொறுக்காமல் ரங்கராஜனுக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, இடப்பக்கத்துப் பெடியன் பிந்துறான். விட்டுட்டு வாற இடத்தை நினைச்சுப் பயப்பிடுறான்போல. பின்னுக்குப் பாக்காமல் ஓடச் சொல்லுங்கோ.”

“நீங்க எங்கேர்ந்து பாக்குறீங்க, அங்கிள்?”

“வீட்டிலைதான்.”

ரங்கராஜன் அதற்குமேல் விசாரிக்கவில்லை. “சரி, சொல்றேன்,” என்றார்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் சிவானந்தன் இரண்டு கால்களும் சமமாக, விறுவிறுவென்று மேலே போனார். முதுகு சீலிங்கில் முட்டியது. விளக்குக் கூண்டு ஆடியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இறங்க ஏலுமே?” என்று கீழேயிருந்து கேட்டார் அருமைநாயகி.

“ஏலும். இப்ப மனமில்லை.”

அருமைநாயகி கதிரையில் ஏறித் தேநீர் நீட்டினார். பிறகு போன் அடித்தது, அதையும் நீட்டினார். “ஜெயிச்சுட்டோம் அங்கிள்! லெஃப்ட் சைடு பையன்தான் பிடிச்சான்!” என்று ரங்கராஜன் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. சிவானந்தன் இருபது நிமிடம் கழித்து இறங்கி, வெங்காயத்தின் மிச்சத்தை உரித்தார்.

அடுத்த பருவத்திலிருந்து அவர் வீட்டிலிருந்தே ஆட்டங்களைக் கவனிக்கிறார். அருமைநாயகி கண்ணாடி விளக்குக் கூண்டைக் கழற்றிவிட்டுத் துணிக்கூண்டு மாட்டியிருக்கிறார்.