சாலு என்ற சொல்

எழுபத்து நான்காம் ஆண்டு ஆனி மாதத்தில் வெங்கடகிருஷ்ணன் ஹைதராபாத் உசேன் சாகர் ஏரிக்கரைக்கு வந்தது அது மூன்றாவது முறை. சனத்நகர்த் தொழிற்சாலையில் அவருக்குப் பரிசோதனைப் பிரிவு. ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. தொழிற்சாலை கட்டிய விசைப்படகைப் பிடித்து நிறுத்த, ஏரியின் அடியில் ஒரு கான்கிரீட் கட்டையை இறக்கிச் சங்கிலி பூட்டியிருந்தார்கள். முதலிரண்டு கட்டைகளும் இழுத்ததும் நகர்ந்துவிட்டன. இது சற்றுக் கனமான மூன்றாவது கட்டை. பருவக்காற்றில் இதுவும் நகர்ந்தால் படகு நேரே உபரிநீர் வழிந்து விழும் கலிங்குக்குத்தான் போகும். அதில் இரவுக் காவலாகப் படுப்பவன் யாதகிரி.

கரையில் நின்று செயின் கப்பியால் இழுத்தார்கள். இடையில் மாட்டிய தராசின் முள் ஒரு டன்னைத் தொட வேண்டும்; கட்டை அசையக் கூடாது. நீருக்கடியில் நடப்பது கரைக்குத் தெரியாதாகையால், யாதகிரி தோணியில் போய்ச் சங்கிலியின்மேல் உள்ளங்கையை வைத்து அமர்ந்திருந்தான். தமிழ் ஃபிட்டர்களோடு பழகித் தமிழ் பேசுவான்; அவசரத்தில் மட்டும் தெலுங்கு வந்துவிடும்.

முள் ஒரு டன்னைத் தொட்டது.

"தாங்கறதாடா?" என்று வெங்கடகிருஷ்ணன் கூவினார்.

"சாலு! சாலு சார், சாலு!"

அந்தச் சொல் அவர் செவிக்கு இதமாக இருந்தது. நாள்தோறும் விடியலில் பாசுரம் சொல்லிப் பழகிய செவி அது. சாலும் என்றால் போதும், தகும், நிறையும். முள் சற்றே இறங்கியதைக் கண்டார். கப்பிக்காரன் தளர்த்திவிட்டான் என்று எண்ணிக்கொண்டார். முழங்கால் வலித்தது. பதிவேட்டில் 'போதுமானது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். உதவிப் பொறியாளன் புருஷோத்தமன் கப்பியை லாரியில் ஏற்றினான்.

பிறகு மூவரும் தேநீர்க் கடையில் நின்றார்கள். கடைக்காரர் யாதகிரியின் கோப்பையில் மறுபடி ஊற்ற வந்தார். அவன் கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடி, "சாலு, சாலு" என்றான். ஊற்றிய கை நின்றது.

வெங்கடகிருஷ்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாதகிரி, தோணிலேர்ந்து சாலுன்னியே, எதுக்குச் சொன்னே?"

"நிறுத்தறதுக்கு சார். கல்லு நகர்ந்துடுச்சு. சங்கிலி கையில உதறிச்சு, நல்லாத் தெரிஞ்சுது."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே சார். மூணு வாட்டி சொன்னேன்."

புருஷோத்தமன் சிரிக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டான். "இருபது வருஷம் ஹைதராபாத்ல இருந்துட்டு, சார்..."

"தெரியும்டா. தெலுங்குல நிறுத்துன்னாலும் சாலு, போதும்னாலும் சாலு. எனக்கு எது வேணுமோ அது காதுல விழுந்துது."

"கையெழுத்தாச்சே சார். லாரி கிளம்பணும். இன்னொரு நாள் பாத்துக்கலாமே?"

ஏரிக்கு மேற்கே மேகம் கறுத்திருந்தது. வீடு போய்க் காலை நீட்ட வேண்டும் என்பதன்றி அன்று அவருக்கு வேறு ஆசை இருக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து, 'போதுமானது' என்பதன்மேல் கோடிழுத்து, 'நகர்ந்தது. இரண்டாம் கட்டை பிணைக்க வேண்டும்' என்று எழுதித் தேதியிட்டார். கப்பியை லாரியிலிருந்து மறுபடி இறக்கச் சொன்னார்.

"அதுவரைக்கும் படகைக் கரையோட சேத்துக் கட்டு. வேப்பமரம் ரெண்டு இருக்கு, ரெண்டுலயும் கட்டு. முடிச்சை நான் பாக்கறேன்."

இரு மரங்களிலும் கயிறு இறுகியது. அவர் ஒவ்வொரு முடிச்சாகக் குனிந்து தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் நிமிர்வதற்கு மரத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"உள்ளே யாரும் படுக்கப்படாது" என்றார்.

"அப்ப நான் எங்க சார் படுக்கறது?"

"எங்காத்து வராந்தால படு."

"கொசு இருக்குமா சார்?"

"இருக்கும்."

யாதகிரி சரியென்று தலையாட்டினான். "ஹவ் சார், வரேன்" என்று போர்வையை எடுக்கப் படகுக்குள் இறங்கினான். அவன் வெளியே வரும்வரை வெங்கடகிருஷ்ணன் கயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தபடியே நின்றார்.