அழாத குழந்தை

அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் அக்காதான். தங்கை அப்படிக் கூப்பிட்டால் நியாயம். பெற்ற அம்மாவே "அக்காவைக் கேளு", "அக்கா வரட்டும்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் நேராகவே "அக்கா, இங்க வா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். இத்தனைக்கும் அவளும் தங்கையும் இரட்டையர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பாத்திரம் தண்ணீர் கொதிக்கிற நேரம்கூட இருந்திருக்காது.

அந்தக் கொஞ்ச நேரம்தான் இருபத்தாறு வயது வரைக்கும் வளர்ந்துகொண்டே வந்தது. இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே கால் அளவு. அம்மா மட்டும் கடைக்குப் போனால் பெரியவளுக்கு ஒரு அளவு கூடுதலாகத்தான் செருப்பு எடுப்பாள். "அவ கால் பெருசு" என்பாள். பெரியவள் முனையில் துணியைத் திணித்துக்கொண்டு நடப்பாள். அம்மா பொய் சொல்லவில்லை. அவள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. பெரியவளும் லேசுப்பட்டவள் இல்லை. செல்போன் கடையில் தனியாளாக நின்று வாடிக்கையாளர்களைச் சமாளிக்கிற தங்கையை, சாலையைக் கடக்கும்போது இன்றைக்கும் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போவாள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோயிற்று. இரண்டு பேரில் யார் படிப்பை விடுவது என்று பேச்சே எழவில்லை. அக்கா இருக்கிறாளே.

அவள் இப்போது ஹோட்டல் துணிகளைத் துவைத்துக் கொடுக்கிற சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். ஈரம் காயாத படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, சுருக்கமில்லாமல் சூடான உருளைக்குள் விட வேண்டும். எதிர்முனையில் நிற்கிறவள் வேறு பாஷைக்காரி. ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு என்பதால் நெட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

துறைமுகத்துப் பக்கம் புதுக் கிளை திறக்கப் போகிறார்கள். அவளுக்குச் சூப்பர்வைசர் வேலை, தங்க ஓர் அறை. "நாளைக் காலையில பதில் சொல்லிடு, சரின்னா அப்படியே கிளம்பணும். இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார்.

"நீ போறது இல்ல?" என்றாள் நெட்டை.

"எப்படிப் போறது? அப்பாவை யாரு பார்ப்பா? நான்தானே மூத்தவ."

"ரெண்டும் ஒண்ணா பொறந்தது. அது எப்படி மூத்தவ?"

"முதல்ல பொறந்தா அக்கா. அப்புறம் பொறந்தா தங்கச்சி."

"எங்க பாஷையில அந்த வம்பே இல்ல. கூடப் பொறந்தவ. ஒரே வார்த்தை."

"அப்போ வீட்டு வேலையெல்லாம் யாரு செய்வா?"

"அடுப்புகிட்ட யாரு மாட்டுறாளோ அவ. அதனால நாங்க யாரும் அடுப்புகிட்டயே போறது இல்ல."

சிரித்த சிரிப்பில் விரிப்பு கோணிக்கொண்டு போய், இழுத்துத் திரும்ப விட வேண்டியதாயிற்று.

ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகும் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. வார்த்தையை வாய்க்குள் போட்டுப் பார்த்தாள். கூடப் பிறந்தவள் மழையில் நனைந்து வந்தால் என்ன? துண்டு எடுத்துத் துடைத்துக்கொள்வாள். தங்கச்சி நனைந்து வந்தால்? கை தானாகத் துண்டைத் தேடுகிறது. நெட்டை வீட்டிலும் யாரோ ஒருத்தி மாட்டிக்கொள்ளத்தான் செய்வாள். ஆனால் அங்கே ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்டாக வேண்டும். கேட்டால் முடியாது என்று சொல்லலாம். இங்கே யாரும் கேட்டதே இல்லையே. கேட்காத கேள்விக்கு எப்படி முடியாது என்று சொல்வது?

வீட்டுப் படியேறும்போதே முடிவு கட்டிவிட்டாள்.

"அக்கா, வந்துட்டியா? அப்பாவுக்கு உடம்பு துடைக்கணும்" என்றாள் அம்மா.

அவள் கை கால் கழுவிக்கொண்டு தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தாள்.

"அக்கா! உன்னைத்தான்."

அவள் சாதத்தைப் போட்டுக்கொண்டாள். தங்கை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, காது அடைச்சுக்கிச்சா?" என்றாள். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டாள். சாதத்தைப் பிசைந்துகொண்டே அவள் சொன்னாள்:

"நாளையிலேர்ந்து நான் புதுக் கிளைக்குப் போறேன். தங்க ரூம் தர்றாங்க. வாரத்துல ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாள் அப்பா என் பொறுப்பு. மத்த நாள் நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கணும். அப்புறம், அக்கான்னு கூப்பிட்டா இனிமே நான் திரும்ப மாட்டேன். எனக்குப் பேர் இருக்கு."

அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "அவ சின்னப் பொண்ணுடி. அவளுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு மட்டும் வயித்துக்குள்ள இருக்கும்போதே தெரிஞ்சுதா?"

அம்மா ஜன்னல் வழியாகக் குரல் கொடுக்க, கீழ் வீட்டிலிருந்து சித்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். சமாதானம் பேசுவதில் சித்தி கெட்டிக்காரி. விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்தாள்.

"அக்கா, இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள். அக்கா என்றதும் அம்மா திரும்பினாள். அவள் சித்திக்கு அக்கா.

"என்ன சொன்னே?"

"பெரியவ, சின்னவன்னு பிரிக்க வேண்டாம்னுதான். பொறந்தப்போ கையில கட்டின சீட்டு குளிப்பாட்டும்போது நனைஞ்சு கிழிஞ்சுபோச்சுல்ல? ரெண்டும் ஒரே துண்டுல கிடக்கு. எது முதல்லன்னு நர்ஸுக்கே தெரியலை. ஒண்ணு ஆஸ்பத்திரியே இடியுற மாதிரி கத்துது, இன்னொண்ணு சத்தம் போடாம முழிச்சுப் பாக்குது. அழாததுதான் பெரியவன்னு நாமளே வச்சுக்கிட்டோம்." சித்தி பெரியவள் பக்கம் குனிந்தாள். "அப்படிப் பார்த்தா நீயே சின்னவளா இருக்கலாம்டி கண்ணு. மனசை விட்டுடாதே."

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது போல.

"வேண்டாம் சித்தி" என்றாள் பெரியவள். "அதைத் தூக்கி இவ தலையில வைக்காதீங்க. யார் முதல்லன்னு எனக்குத் தெரிய வேண்டாம். நான்தான் முதல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் நான் போறது போறதுதான்."

"நானும் அக்காதான்டி!" என்று அம்மா வெடித்தாள். "உன் சித்தியைத் தூக்கி வளர்த்தேன், இவ கல்யாணத்துக்கு நான் ஓடினேன். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"சாகலம்மா. உனக்குச் சம்மதமான்னு யாராச்சும் கேட்டாங்களா?"

சித்தி தரையைப் பார்த்தாள்.

அப்போது உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "க்கா... க்கா..." வாய் கோணிய பிறகு அவருக்கு ஓரளவு தெளிவாக வருகிற சொல் அது ஒன்றுதான். புரட்டிப் படுக்க வைக்கிற நேரம்.

பெரியவளுக்கு உடம்பு தானாக எழுந்துவிட்டது. அம்மா சொன்னதெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையைத் தொடைக்குக் கீழே கொடுத்து உட்கார்ந்தாள்.

"க்கா..."

யாரும் அசையவில்லை. பிறகு தங்கை போனாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, தண்ணீர் மக்கு கவிழ்ந்தது, அப்பா கோபத்தில் கத்தினார். "அந்தக் கையை முதல்ல மடக்கு" என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்ததை அவள் ஒரு கவளத்தோடு விழுங்கினாள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். சித்தியும் பின்னாலேயே போனாள். மூன்று பேரும் சேர்ந்து ஏதோ செய்தார்கள். கத்தல் நின்றது.

அவள் சாப்பாட்டை முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அலமாரிக்கு மேலிருந்த பையை இறக்கித் துணிகளை அடுக்கினாள்.

தங்கை முன்பக்கம் முழுக்க நனைந்து வந்து நின்றாள். நெற்றியில் ஒட்டிய முடியை முழங்கையால் ஒதுக்கினாள். கண்ணோரத்தில் மெல்லிய ஒரு கோடு. அதே கோடு தன் கண்ணோரத்திலும் இருப்பதைப் பெரியவள் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். இவள் முகத்தில் எப்போது வந்தது?

"இனி எப்படித்தான் கூப்பிடணும் உன்னை?" என்றாள் தங்கை, எரிச்சலோடு. பிறகு பள்ளிக்கூட வருகைப் பதிவோடு காணாமல் போன அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். இருவருக்குமே கூச்சமாக இருந்தது.

"போறதுன்னா போ. அந்த நீல ஸ்வெட்டரை வச்சுட்டுப் போ, நான் போட்டுக்கிறேன்."

"தர மாட்டேன்" என்றாள் அவள். "அது என்னோடது."

ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.