யூனியன் தீவிலிருந்து ஒரு படகு

முதியோர் இல்லச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த நேசமலருக்கு, வருகிற தை மாதம் மூன்று கிழமை லீவு சேர்ந்தாற்போல் கிடைத்திருந்தது. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எல்லாரும் குளிரில் நடுங்கும்போது, அவளும் கணவர் மகேந்திரராஜாவும் கரீபியன் கடலில் தீவு தீவாகப் போவதென்று முடிவு. செயின்ட் வின்சென்ட், பெக்குவே, யூனியன், காரியக்கூ, கடைசியாக கிரெனடா. சொல்லிச் சொல்லி அந்தப் பெயர்கள் அவளுக்குச் சொந்தக்காரரின் பெயர்கள் மாதிரி ஆகிவிட்டன.

ஞாயிறு பின்னேரம் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார்கள். மகள் கவிசா மடிக்கணினியில் தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இஞ்சதான் பிரச்சினை. யூனியன் வரைக்கும் கப்பல் இருக்கு. அங்கால காரியக்கூ வேற நாடு. நெட்டில ஒண்டையும் காணேல்ல. திரும்பி வந்து பிளேன்தான் எடுக்கவேணும்."

நேசமலர் அந்த இடத்தில் விரலை வைத்தாள். இரண்டு தீவுக்கும் நடுவே நகமளவு நீலம்தான் இருந்தது.

"இவ்வளவு கிட்ட இருக்கிற சனம் போய்வராமலே இருக்கும்? யூனியனில நாங்கள் தங்கப்போற விடுதி நம்பரைத் தா. அங்க இப்ப காலமைதானே."

அவளுடைய ஆங்கிலத்துக்குள் ஜெர்மன் புகுந்து புகுந்து வந்தது. ஆனாலும் யூனியன் தீவு விடுதிக்காரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். நேசமலரின் முகம் மலர்ந்தது.

"அவவின்ர அண்ணை கொண்டுபோய் விடுவாராம். சின்னப் படகாம்."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மகேந்திரராஜா கேத்திலை வைத்துவிட்டார்.

"படகில எல்லை தாண்டுறதோ? எனக்கு ஏலாது, மலர்."

கவிசா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நேசமலர் கையைக் காட்டி நிறுத்தினாள். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ஓர் ஆற்றைக் கடந்து இந்த நாட்டுக்குள் வந்தபோது, இவர் படகின் அடித்தட்டில் ஒளிந்து குப்புறக் கிடந்தவர். அதைப் பற்றி அவளிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார்.

அவள் மறுபடி தொலைபேசியில் கேட்டாள். பிறகு ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"முதல் யூனியன் தீவு இமிகிரேசன் ஒஃபீசில பாஸ்போட்டில முத்திரை குத்துவினமாம். காரியக்கூவில இறங்கினவுடன இன்னொண்டு."

"ரெண்டு பக்கமுமோ?"

"ஓம், ரெண்டு பக்கமும்."

"எத்தினை மணிக்குப் போறது?"

"காலமை ஒன்பது மணிக்கு."

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்த நீலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நிமிர்ந்து இருந்து போகலாமோ எண்டு கேள்."

நேசமலர் கேட்டாள். மறுமுனையில் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். முன்பக்கத்தில் இருந்தால்தான் மலை, பவளப்பாறை எல்லாம் வடிவாகத் தெரியும், அண்ணனிடம் சொல்லி அந்த இடத்தைப் பிடித்துத் தருகிறேன் என்றாள். நேசமலர் அதை அப்படியே சொன்னாள்.

"அப்ப முன்னுக்கு ரெண்டு இடம் சொல்லிவிடு," என்றார் மகேந்திரராஜா.

கவிசா செயின்ட் வின்சென்ட்டுக்கு விமானச் சீட்டைப் பதிந்து முடிக்கும் முன்னமே அவர் பான் நகரிலிருக்கும் தமையன் சிற்றம்பலத்துக்கு அழைப்பு எடுத்துவிட்டார்.

"அண்ணை, தை மாதம் நாங்கள் அஞ்சு தீவுக்குப் போறம்."

"நல்லது. நயினாதீவு அம்மனிட்டப் போனால் என்ர பேரிலயும் ஒரு அர்ச்சனை செய்."

"யாழ்ப்பாணப் பக்கம் இல்லை அண்ணை," என்று தொடங்கினவர், வரைபடத்தைக் கிட்ட இழுத்துவைத்துக்கொண்டு, செயின்ட் வின்சென்ட்டிலிருந்து ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தார்.