இறங்கு
புதுக் கலப்பை வந்த அன்றே சண்டித்தனம் காட்டியது. முன் கொழு பள்ளம் தோண்டியது. பின் கொழுவோ மண்ணைத் தொட்டும் தொடாமலும் சும்மா கூட வந்தது. "உழவாடா இது? பன்னி கிண்டின மாதிரி இருக்கு!" என்று அண்ணன் கத்தினார். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. வரப்புத் தகராறு. அன்று தம்பி வாயை அடக்காமல், நாலு பேர் முன்னால், "வரப்பை நகத்துற அந்தக் கை விளங்காமப் போக!" என்று சாபம் விட்டான். கோபத்தில் வந்த வார்த்தைதான். சாபமெல்லாம் பலிக்குமென்றால் உலகத்தில் ஒரு பங்காளியாவது மிஞ்சுவானா? ஆனால் நிலம் இரண்டானாலும் டிராக்டர் ஒன்று. மழையும் பெய்துவிட்டது. வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டார்கள்.

தம்பி சீட்டில், அண்ணன் பின்னால். மேலே கலப்பையை இழுத்துப் பிடிக்கும் திருகு கம்பியை அண்ணன் நாலு சுற்று நீட்டினார். கலப்பையின் மூக்கு நிமிர்ந்தது. வலப்பக்கக் கம்பியைத் திருகிச் சாய்வை எடுத்தார். தம்பி லீவரை இழுத்துக் கலப்பையைத் தூக்கினான். பின் கொழுவின் போல்ட் லொடலொடவென்று ஆடியது. அண்ணன் ஸ்பானரோடு குனிந்து கையை அடியில் விட்டார்.

"கட்டை முட்டுக் கொடுக்கலையாண்ணே?"

"அட போடா, அஞ்சு நிமிஷ வேலைக்கு முட்டு ஒரு கேடு!"

போல்ட்டைத் திருக நட்டும் சேர்ந்தே சுற்றியது. மறுபக்கம் நட்டைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். எஞ்சின் காதைப் பிளந்துகொண்டிருந்தது. அண்ணன் ஏதோ கூவினார். 'இறக்கு' என்று கேட்டது. தம்பி லீவரைத் தள்ளினான்.

அலறல் கேட்டதும் திரும்பத் தூக்கினான். தூக்கி என்ன செய்ய?

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அண்ணி அழவில்லை. "இறங்குன்னுதான் சொல்லியிருப்பாரு. உதவிக்கு உன்னைக் கூப்பிட்டிருப்பாரு. கையை அடியில வச்சுக்கிட்டு எவனாவது இறக்குன்னு சொல்லுவானா? உன் வாய் பலிச்சிடுச்சு. வயிறு குளுந்துச்சா?"

தம்பியும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தான். கை அடியில் இருப்பது தெரிந்தும் எப்படித் தள்ளினோம்? தனக்குக் கேட்டது 'இறக்கு'தான் என்று அண்ணன் நம்பினால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடலாம் என்று நினைத்தான்.

மறுநாள் போலீஸ்காரர் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். "நான்தான் இறக்கச் சொன்னேன். தப்பு என்னோடது, அவன் மேல ஒண்ணுமில்ல" என்றார் அண்ணன். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். போலீஸ்காரரும் எழுதிக்கொண்டு கிளம்பினார்.

தம்பி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். "என்னை நம்புறியாண்ணே? சத்தியமா எனக்கு இறக்குன்னுதான் கேட்டுச்சு."

அண்ணன் மணிக்கட்டோடு முடிந்துபோன கையின் கட்டைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். பிறந்த நாள் முதல் அவனை 'டா' என்றே கூப்பிட்ட வாய்.

"சரிங்க" என்றார். "நேரமாச்சு. நீங்க கிளம்புங்க."