யார் முதலில் கை தூக்குவது

எனக்கு அன்னாள் மேல் பொறாமை. இதை மூடி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. எங்கள் டீமில் பதினேழு பெண்கள். என்னையும் அவளையும் கழித்தால் மிச்சம் பதினைந்து பேர், அந்தப் பதினைந்து பேருக்கும் இது தெரியும். தெரியாத ஒரே ஆள் அன்னாள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீமின் பெயர் வைகறை மகளிர் கால்பந்துக் குழு. விடிகிறபோது ஆட ஆரம்பித்து ஏழு மணிக்குள் அடுப்படிக்குத் திரும்ப வேண்டியவர்கள் என்பதால் அந்தப் பெயர். திண்டுக்கல்லில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை, 'ஆத்தா டீம்' என்றுதான் சொல்வார்கள். சராசரி வயது முப்பத்தைந்து. எனக்கு முப்பத்தேழு. அன்னாளுக்கும் முப்பத்தேழுதான், ஆனால் பார்த்தால் முப்பது என்பார்கள். முதல் எரிச்சல் அதுதான். போன வருஷம் காலேஜ் பிள்ளைகளையெல்லாம் தோற்கடித்து மாவட்டக் கோப்பையை வாங்கினோம். அப்போது யாரும் எங்களை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. இந்த வருஷம் எதிரில் வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி. மில்லில் என் சூப்பர்வைசர் கேட்டார், என் மகள் இளவேனிலின் பள்ளிக்கூட வேன் டிரைவர் கேட்டார்.

"இந்த வாட்டியும் ஜெயிச்சிருவீகளா? முட்டி தாங்குமா?"

தாங்கும் என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் என் வலது முட்டிக்கு டாக்டர் கொடுத்திருந்த கெடு இந்த ஒரு சீசன்தான்.

நானும் அன்னாளும் பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் பூட்ஸ் கட்டியவர்கள். அவள் ஃபார்வர்டு, கோல் போடுகிறவள். நான் ஸ்டாப்பர், கோல் போஸ்டுக்கு முன்னால் நின்று வருகிறவளை மறிக்கிறவள். அவள் கோல் போட்டால் நாலு பேர் ஓடி வந்து தூக்குவார்கள். நான் பத்துப் பந்தை மறித்தால் 'சரி, சரி, அடுத்தது பாரு' என்பார்கள். இருபத்தொரு வயதில் மாநில அணித் தேர்வு வந்தது. அதே வாரத்தில் எனக்குக் கல்யாணம் வைத்தார்கள். அவள் தேர்வுக்குப் போனாள், சான்றிதழோடு வந்தாள், விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை வாங்கினாள். இன்றைக்கு ஏட்டு. நான் வடமதுரைப் பக்கம் நூற்பு மில்லில் ஷிப்ட் பார்க்கிறேன். முதல் பஸ் பிடித்துப் பிராக்டிஸுக்கு வருவேன். அவள் குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள், பின்னாலேயே அவள் புருஷன் ஸ்டான்லி ஃபிளாஸ்கில் டீ கொண்டுவருவார். என் வீட்டுக்காரர் சடையாண்டி ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். தங்கமான மனுஷன். ஆனாலும் அந்த ஃபிளாஸ்க் மூடி திறக்கிற சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரியும்.

போன வருஷம் மாவட்டக் கோப்பை ஜெயித்த டீம் என்று எங்களைச் சென்னைக்கு மாநிலப் போட்டிக்கு அனுப்பினார்கள். நானும் பையெல்லாம் கட்டிவிட்டேன். கிளம்புகிற அன்று காலை மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். கட்டின பையை அப்படியே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். அன்னாள் கேப்டனாகப் போனாள். பேப்பரில் படம் வந்தது. அதை அவள் ஐந்து நாள் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள், நான் ஐந்து நாளும் பார்த்தேன். முதல் ஆட்டத்திலேயே ஐந்து கோல் வாங்கித் தோற்றார்கள் என்று கேள்விப்பட்டபோது வருத்தமாக இருந்தது. உள்ளே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. திரும்பி வந்தவர்கள் அதைப் பற்றி என்னிடம் வாயே திறக்கவில்லை.

ஆகவே இந்த வருஷம் கோப்பையைத் தக்கவைப்பது ஊருக்கு ஒரு பேச்சு, எனக்குச் சென்னை. மாவட்டத்தின் பெயர் போட்ட சட்டையில் ஒரே ஒரு ஆட்டம் நான் ஆடியாக வேண்டும். மில்லில் நாலு நாள் லீவுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டேன். மாமியாரைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் ஒச்சாயி சாணார்பட்டியிலிருந்து வருவதாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவ எவ விழுந்தாலும் நீ போயிருடி, நான் பாத்துக்கிறேன்" என்றாள். மாமியார் பக்கத்தில்தான் படுத்திருந்தார்.

அரையிறுதியையும் எப்படியோ தாண்டிவிட்டோம். இறுதியாட்டம் ஒரு மகளிர் கல்லூரி டீமோடு. போன வருஷம் எங்களிடம் தோற்ற அதே டீம், ஒரு வயது கூடி இன்னும் வேகமாகியிருந்தது. எங்களுக்கும் ஒரு வயது கூடியிருந்தது.

இங்கே எங்கள் டீமின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கோச் கிடையாது. பழைய கோல்கீப்பர் செபாஸ்தியம்மாள் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர், ஸ்ப்ரே எல்லாம் பார்த்துக்கொள்வார். ஆனால் அவர் யாரையும் வெளியே கூப்பிட மாட்டார். ஆரம்பத்தில் ஒருத்தியை ஆட்டத்தின் நடுவில் கூப்பிட்டதற்கு, 'எனக்கு வயசாயிருச்சுன்னு ஊருக்குச் சொல்றீகளா' என்று அழுது, மறுநாளிலிருந்து வரவே இல்லை. அன்றைக்கு முடிவு செய்தோம். ஒருத்தி ஒருத்தியை வெளியே போ என்று சொல்லக் கூடாது. மூச்சு முட்டினால் அவளே கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் மாற்று ஆள் உள்ளே போவாள், ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். போன வருஷம் நாங்கள் ஜெயித்ததே இதனால்தான். முடியாதவள் முடியவில்லை என்று நேரத்தில் ஒத்துக்கொண்டால் முப்பத்தைந்து வயதுக்காரிகளும் பத்தொன்பது வயதை ஜெயிக்கலாம்.

ஏன் என்று கேட்க மாட்டார்கள்தான். ஆனால் யார் முதலில் தூக்கினாள் என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டு வருஷத்தில் நானும் அன்னாளும் சேர்ந்து ஆடிய ஆட்டங்களில் எட்டு முறை நான் அவளுக்கு முன்னால் தூக்கியிருக்கிறேன். அவள் எனக்கு முன்னால் ஒரு முறைகூடத் தூக்கியதில்லை.

இறுதியாட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நல்ல கூட்டம். பாதிக்கு முப்பத்தைந்து நிமிஷம். இருபதாவது நிமிஷத்தில் நான் எங்கள் பக்கத்திலிருந்து ஓங்கி அடித்த பந்து நேராக அன்னாள் காலில் விழுந்தது. அவள் ஒருத்தியை ஏமாற்றிவிட்டுக் கோல் போட்டாள். கூட்டம் கத்தியது. நாலு பேர் ஓடிப்போய் அவளைத் தூக்கினார்கள். நான் என் இடத்தில் நின்று கைதட்டினேன். பந்து கொடுத்தவள் யார் என்று மைக்கில் சொல்வார்கள் என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

இரண்டாம் பாதியில் இருபது நிமிஷம் மிச்சமிருக்கும்போது என் கெண்டைக்கால் பிடித்தது. இழுத்துவிட்டு நின்றேன். மறுபடி பிடித்தது. எதிர் டீமின் பதினொன்றாம் நம்பர் பெண், சின்ன வயசுப் பிள்ளை, என் பக்கமாகவே வந்து வந்து போனாள். என் கால் படுகிற பாடு அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெஞ்சில் அஃப்சானா தயாராக இருந்தாள். இருபத்தொன்பது வயது, தையல் கடை வைத்திருப்பவள், ஓட்டத்தில் கெட்டிக்காரி. நான் கையைத் தூக்கினால் அவள் உள்ளே வருவாள், பதினொன்றாம் நம்பரைப் பார்த்துக்கொள்வாள். டீம் ஜெயிக்கும். நான் பெஞ்சில் இருந்தாலும் எனக்குச் சென்னை உண்டு. இத்தனையும் என் மண்டைக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கை எழும்பவில்லை. கண் அன்னாளைப் பார்த்தது. அவள் தூரத்தில் நடு வட்டத்துக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். களைத்த மாதிரியே தெரியவில்லை. இப்போது தூக்கினால் ஒன்பதாவது முறை. ஏட்டம்மா கடைசிவரை ஆடினாள், மில்காரி பாதியில் போய்விட்டாள் என்று பேசுவார்கள். அவளும் சென்னை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்டான்லியிடம் போனில் அதைச் சொல்வாள். முதலில் அவள் தூக்கட்டும் என்று நின்றேன். ஒரே ஒரு முறை அவள் தூக்கட்டும், அடுத்த நொடி நான் தூக்குகிறேன்.

செபாஸ்தியம்மாள் அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தார். வழக்கத்தை மீறி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அஃப்சானாவையும் நுஸைபாவையும் கோட்டருகில் கொண்டுவந்து நிறுத்தினார். நுஸைபா ஃபார்வர்டு ஆடுகிறவள். அவளை எதற்கு நிறுத்துகிறார் என்று எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

பத்து நிமிஷம் இருக்கும்போது பதினொன்றாம் நம்பர் என்னைத் தாண்டிப் போனாள். திரும்பி ஓட இரண்டு அடி வைத்தேன், கால் கல்லாகி நின்றுவிட்டது. எங்கள் கீப்பர் மலர்விழி தனியாக முன்னால் ஓடி வந்ததுதான் மிச்சம். ஒன்றுக்கு ஒன்று.

அப்போதாவது தூக்கியிருக்கலாம். அந்தக் கோலுக்குப் பிறகு தூக்கினால் தப்புச் செய்துவிட்டு ஓடுகிறவள் மாதிரி இருக்கும் என்று நின்றேன். கடைசி நிமிஷத்தில் அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கார்னர் என்றால் அன்னாளும் பின்னால் வந்து அவர்களுடைய உயரமான எட்டாம் நம்பரை மறிக்க வேண்டும், அது அவள் வேலை. வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். பந்து மேலே வந்தபோது எட்டாம் நம்பர் எழும்பினாள். அன்னாள் எழும்பவே இல்லை, நின்ற இடத்தில் நின்றாள். தலையில் பட்ட பந்து உள்ளே போனது. விசில் ஊதிவிட்டார்கள்.

கோப்பையைக் காலேஜ் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு ஃபோட்டோவுக்கு நின்றார்கள். எங்களுக்கு இரண்டாம் பரிசு மெடல். கழுத்தில் போட்டவர் 'இந்த வயசுல இதுவே பெருசும்மா' என்றார். அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

டீம் மொத்தமும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டது. நான் பத்தடி தள்ளி சிமென்ட் படியில் தனியாக உட்கார்ந்தேன். சென்னை போய்விட்டது. இனி கிடையாது. லீவை ரத்து செய்ய மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் நிற்க வேண்டும் என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

அன்னாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்ல முடியாது, படியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். தொடையில் கட்டிய பட்டையை அவிழ்த்தாள். பின்தொடை வீங்கி நீலம் பாரித்திருந்தது.

"இது எப்பருந்து?" என்றேன்.

"செகண்ட் ஹாஃப் தொடங்கும்போதே."

"கையத் தூக்கியிருக்கலாம்ல?"

"நீ தூக்குவ, தூக்குவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. "நான் தூக்குறதுக்கும் ஒனக்கும் என்னடி?"

அவள் பட்டையைச் சுருட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"சென்னையில அஞ்சு கோல் வாங்குனோம்ல. திரும்பி வரையில ரயில்ல ஒருத்தி ஆரம்பிச்சா. வள்ளியக்கா இருந்திருந்தா இம்புட்டுக் கேவலமா தோத்திருக்க மாட்டோம்னு. அம்புட்டுதான், விடிய விடிய அதே பேச்சு. நான் கேப்டன், மேல் பெர்த்துல தூங்குற மாதிரி கெடந்து கேட்டுக்கிட்டே வந்தேன். வீட்டுக்கு வந்தா ஸ்டான்லியும் அதையேதான் சொல்றாரு. ஒரு வருசமா எனக்கு ஒன் பேரைக் கேட்டாலே ஆகல வள்ளி. இன்னிக்கு நீ மொதல்ல வெளிய போகணும், நீ இல்லாம நான் நின்னு ஜெயிச்சுக் காட்டணும்னு நெனச்சேன். நீ போகவே மாட்டேன்னுட்ட."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இவளால்தான் இரண்டாவது கோல். என்னால்தான் முதல் கோல். இரண்டு பேரும் சேர்ந்து கோப்பையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் கோபம் வரவில்லை. அன்னாளுக்கு என் மேல் பொறாமை. ஏட்டு அன்னாளுக்கு, பேப்பரில் படம் வந்தவளுக்கு, மில்லில் பஞ்சு தின்கிற என் மேல் பொறாமை. நெஞ்சுக்குள் சர்க்கரைப் பாகு இறங்கின மாதிரி இருந்தது. தோற்றுப்போய் அரை மணி நேரம் ஆகவில்லை, எனக்கு வெட்கமே இல்லை.

"யாரெல்லாம் சொன்னாக?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"பேரைச் சொல்லேன்" என்றேன்.

"ஆரம்பிச்சது அஃப்சானா."

நிமிர்ந்து வேப்பமரத்தடியைப் பார்த்தேன். அஃப்சானா துளி அழுக்குப் படாத சட்டையோடு முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தை முட்டிக்குள் புதைத்திருந்தாள்.

"அப்பறம் நுஸைபா."

நுஸைபாவும் களத்தில் கால் வைக்கவில்லை. செபாஸ்தியம்மாள் அக்கா மடியில் தலை வைத்துத் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"செபா அக்காவும்தான். வள்ளி நின்னா மலை நின்ன மாதிரின்னாக."

அக்கா எங்கள் பக்கம் பார்க்கவில்லை. நுஸைபாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மலர்விழி சொன்னா, வள்ளியக்கா எனக்கு முன்னால நிக்கிறாகன்னா எனக்குப் பயமே..."

மலர்விழி கையுறையைக்கூடக் கழற்றவில்லை. அதோடேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போதும் அன்னாள், விடு" என்றேன்.