கழுவிக் கொண்டுவந்த டப்பா

மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் அவளுக்கு வேலை. சீட்டை ஒரு பார்வை பார்த்தால் போதும், கை தானாகச் சரியான அடுக்குக்குப் போய்விடும். கூட வேலை பார்ப்பவர்கள் அவளை 'மின்னல்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த மின்னலுக்குப் பிறந்த மகள், ஒரு காலுக்கு சாக்ஸ் போட்டுவிட்டு மறுகாலுக்கு வருவதற்குள் வேன்காரர் மூன்று முறை ஹாரன் அடித்திருப்பார். "மகாராணி கிளம்பியாச்சா?" என்று அப்பா கேலி செய்வார். ஏழு வயது மகாராணி சிரிப்பாள். அம்மாவுக்குத்தான் சிரிப்பு வராது.

இரண்டாம் வகுப்பு தொடங்கிய மாதமே டீச்சர் கூப்பிட்டனுப்பினார்.

"நல்ல பொண்ணுதாங்க. எழுதினா ஒரு தப்பு இருக்காது. ஆனா அவ பாதி எழுதுறதுக்குள்ள நான் போர்ட அழிச்சிடுறேன். நாப்பது பிள்ளைங்க. ஒருத்திக்காக நிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

அம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். மருந்து ஜன்னலில் கை நடுங்கும் பெரியவர் ஒருவர் பையில் சீட்டைத் தேடினால், அவளே "தள்ளி நின்னு தேடுங்கய்யா" என்று அடுத்தவரைக் கூப்பிடுகிறவள்தான்.

அன்றிலிருந்து வீட்டில் பல் தேய்க்க, பொத்தான் போட, தலை வார, எல்லாவற்றுக்கும் கடிகாரம் வந்தது. "சீக்கிரம்டி, சீக்கிரம்" என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்குத் தொண்டை கட்டியது. சாப்பாட்டு டப்பா மட்டும் தினமும் பாதிச் சோற்றோடு திரும்பி வந்தது. அதற்கும் திட்டு விழுந்தது.

ஒரு திங்கட்கிழமை டப்பா காலியாக வந்தது. அம்மா கை தட்டினாள். மகளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். "பாத்தீங்களா, மகாராணி ஒரு பருக்கை விடல!"

மறுநாளும் காலி. அதற்கு மறுநாளும் காலி.

மூன்றாவது வாரம் பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. "உசரம் போடுறா, அதான் இளைக்கிறா" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, ஊக்குக் குத்தி அனுப்பினாள்.

பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கும் அக்கா ஒருநாள் இருமல் மருந்து வாங்க அம்மாவின் ஜன்னலுக்கு வந்தாள். அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டாங் கிளாஸ் பாப்பாவோட அம்மாதானே? ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. சாப்பாட்டு மணி அடிச்சும் பாப்பா உக்காந்து எழுதிட்டே இருக்கு. முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. அது முடிக்கிறதுக்குள்ள அடுத்த மணி அடிச்சிருது. சாயங்காலம் சோத்தக் குப்பைத் தொட்டியில கொட்டி, குழாயில டப்பாவக் கழுவிட்டு வேனுக்கு ஓடுது. மூணு வாரமா பாக்குறேன், மனசு கேக்கல."

வரிசையில் யாரோ "சீக்கிரம்மா" என்றார்கள். அம்மாவின் காதில் விழவில்லை. கையிலிருந்த மாத்திரை அட்டையைப் பக்கத்து மேசைக்காரியிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

மகள் வேனிலிருந்து இறங்கியதும், அம்மா அங்கேயே தரையில் மண்டியிட்டாள்.

"ஏன் கண்ணு, சாப்பிடலன்னு அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

மகள் யோசித்தாள். அவளுக்குப் பதில் வர எப்போதும் நேரமாகும். அவசரப்படுத்தாமல் அம்மா காத்திருந்தது அன்றுதான் முதல் தடவை.

"காலியா கொண்டு வந்தா நீ என்னத் தூக்கினல்ல?"

அம்மா அவளை அணைத்துக்கொண்டாள். ஊக்கின் மேல் கை பட்டபோது அடக்கி வைத்திருந்த அழுகை வெடித்தது. "நான் நாளைக்கு வேகமா எழுதுறேன்மா" என்று மகள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் அம்மா போய்ச் சொன்னதும் டீச்சருக்கு முகமே வெளுத்துவிட்டது. "எழுதிட்டுப் போய் சாப்பிடுறான்னு நெனச்சேங்க." அன்றிலிருந்து மணி அடித்ததும் நோட்டை மூடிவிடலாம் என்று சொன்னார். ஒரு வாரம் அம்மா கூட வந்து உட்காரவும் அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

வராந்தா பெஞ்சில் டப்பாவைத் திறந்து வைத்தாள் அம்மா. "மெதுவா சாப்பிடு செல்லம். எவ்வளவு நேரமானாலும் அம்மா இங்கயே இருப்பேன்."

மகள் தலையாட்டினாள். ஒரு வாய் போட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதை விழுங்குவதற்குள் அடுத்ததைத் திணித்தாள். கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் நீர் கட்டியது.

"மெதுவாடா, அடைச்சிக்கும்."

"மணி அடிச்சிரும்மா."

"இன்னும் நேரமிருக்குடா, சத்தியமா."

மகள் நம்பவில்லை. இரண்டு வருஷம் கழித்து, நான்காம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுதுவது அதே நிதானம்தான். அதை வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் தட்டு முன்னால் வந்துவிட்டால், பின்னாலிருந்து யாரோ துரத்துவதுபோல அள்ளி விழுங்குகிறாள். அம்மா எதிரே உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் நகர்த்தி வைக்கிறாள்.