ஆறு மணிக்குக் கிளம்பும் மண்

அந்தக் குடும்பம் இரண்டாம் மாடிக்குக் குடிவந்த மூன்றாம் வருடத்திலிருந்து, பூனையின் பெட்டியிலிருந்து சிதறிப்போன மண், மாலை ஆறு மணி ஆனதும் எங்கே கிடந்தாலும் அங்கிருந்து கிளம்பித் தானாகவே வீட்டுக்குத் திரும்பி வந்தது. அதற்கு முன்பு பூனை வளர்க்கிற எல்லா வீடுகளிலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. கடையில் பையில் விற்கிற, ஈரம் பட்டால் கட்டியாகிவிடுகிற சாம்பல் நிற மண் அது. முதலாளி என்று அவர்கள் கூப்பிட்ட பூனை பெட்டிக்குள் போய் வேலையை முடித்துவிட்டு, யாரோ துரத்துவதுபோல் பாய்ந்து வெளியே வரும். அதன் விரலிடுக்கில் ஒட்டிய மண் கூடத்துக்கும் சமையலறைக்கும் தலையணை உறைக்கும் போகும். ஒரு தடவை பல் தேய்க்கிற பிரஷ்ஷில் இருந்தது. பெட்டிக்கு முன்னால் மிதியடி போட்டுப் பார்த்தார்கள். முதலாளி அதைத் தாண்டிக் குதித்தது. குடிவந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவன் பெருக்காமலேயே வாளித் தண்ணீரை எடுத்துத் தரையைத் துடைத்துவிட்டான். மண் பசையாகி ஓடுகளின் இடுக்கில் இறங்கி, சாயங்காலத்துக்குள் சிமெண்ட் மாதிரி இறுகியது. மூன்று வாரம் உட்கார்ந்து கத்தியால் சுரண்டினான். அழுக்குத் தண்ணீரை ஊற்றிய குழாய் அடைத்துக்கொண்டு, கீழே முதல் மாடியில் இருந்த மனைவியின் அக்கா வீட்டுக் குளியலறையில் பொங்கியது. அக்கா அதை இன்றுவரை மறக்கவில்லை.

மண் திரும்பி வருவதை முதலில் பார்த்தது மகள். அவளுக்கு அப்போது பத்து வயது. ஒரு கைப்பிடி மண் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறி, கதவின் அடியில் நுழைந்து, கூடத்தைக் குறுக்கே கடந்து பெட்டிக்குள் விழுவதைப் பார்த்துவிட்டு, வீட்டுப்பாடத்தைத் தொடர்ந்தாள். ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. பெருக்குவதை நிறுத்தினார்கள். ஒரு மாதம் வந்த பை நான்கு மாதம் வந்தது. நடந்து போகிற மனிதனைவிடக் கொஞ்சம் மெதுவாக, ஒற்றை வரிசையில், சாலையின் இடது ஓரமாக அது வந்தது. மகளின் காலணியில் ஒட்டிப்போன மண் பள்ளிக்கூடத்திலிருந்து பின்சந்து வழியாக வரும். மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். அவளுடைய மண் கிழக்கே இருந்து வரும். கணவன் பதினெட்டு வருடமாகப் பூட்டுத் தொழிற்சாலையில் பூட்டையும் சாவியையும் சேர்த்துப் பெட்டியில் கட்டுகிறவன். தெருவில் அவனுக்குப் பூட்டுக்காரன் என்றே பெயர். அவனுடைய மண் வடக்கே ரயில் பாலம் ஏறி இறங்கி, கடைசியாக ஏழேகாலுக்கு வரும். பேருந்து ஓட்டுநர்கள் அதற்காக வேகத்தைக் குறைத்தார்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் அது போவதைப் பார்த்துத்தான் மாலை டீக்குச் சொல்லி அனுப்புவார்.

ஐந்தாம் வருடம் தொழிற்சாலையில் அவனை இரவு வேலைக்கு மாற்றினார்கள். பகலில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தான். கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்தது. கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்பினான். பிறகு ஒருநாள், பகல் வேலைக்கே மாற்றிவிட்டார்கள் என்று வந்து சொன்னான். மனைவிக்கு அப்பாடா என்றிருந்தது. அதன் பிறகுதான் அவனிடம் மாற்றம் தெரிந்தது. அதிகாலையில் எழுந்து வீடு முழுக்கப் பெருக்கினான். கட்டிலுக்கு அடியிலும் அலமாரியின் பின்னாலும் பெருக்கினான். கிளம்புமுன் கால்சட்டையின் மடிப்பை உதறி, காலணியைப் பிரஷ்ஷால் தேய்த்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். சாயங்காலம் வந்ததும் யாரிடமும் பேசாமல் நேராகக் குளிக்கப் போனான். ஓவர்டைம் நிறுத்திவிட்டார்கள் என்று கொஞ்சம் குறைவாகச் சம்பளம் கொடுத்தான்.

“அடியே, ஆம்பளை தானா துடைப்பத்தை எடுத்தா எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்,” என்றாள் அக்கா.

“அத்தான் ஒருநாளும் எடுத்ததில்லையே?”

“அவருக்கு மறைக்கிற அளவுக்கெல்லாம் துப்புக் கிடையாது. நான் உன் வீட்டுக்காரரைச் சொல்றேன்.”

“அவரோட மண்ணு வடக்கே இருந்துதான்கா வருது. தினம் பார்க்கறேன். பாலம் ஏறி ஏழேகாலுக்கு டாண்ணு வருது. மனுஷன் பொய் சொல்வான், மண்ணு சொல்லுமா?”

ஆறு மாதம் அப்படியே போனது.

வீட்டில் எல்லோரும் வருகிற மண்ணைத்தான் கவனித்தார்கள். போகிற மண்ணைக் கவனித்ததும் மகள்தான். ஒரு புதன்கிழமை ஆறு மணிக்கு, அழுக்குத்துணிக் கூடையிலிருந்து அப்பாவின் கால்சட்டைப் பை வழியாக ஏழு உருண்டைகள் இறங்கின. அவை சாம்பல் நிறமில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த மஞ்சள் உருண்டைகள். அதுவும் பூனைப் பெட்டிக்குப் போடுகிற சரக்குதான், ஆனால் அந்த வீட்டில் ஒருநாளும் வாங்கியதில்லை. அவை கூடத்தைக் கடந்து வாசலுக்குப் போயின.

“அம்மா, இதுங்க தப்பாப் போகுது.”

“வழி தெரியாம இருக்கும். திருப்பி விடு.”

மகள் அடிக்கோலால் திருப்பிவிட்டாள். உருண்டைகள் ஒரு வட்டம் போட்டுப் பழையபடி வாசலுக்கே போயின. மனைவி வந்து பார்த்தாள். அவை படியிறங்கித் தெருவுக்கு வந்து, வடக்கே திரும்பாமல் தெற்கே திரும்பின. சாம்பல் மண்ணோடு ஒரே வீட்டில் கிடந்ததில் அதன் பழக்கம் இவற்றுக்கும் வந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. இவையும் வீட்டுக்குத்தான் போகின்றன. தெற்கே எங்கேயோ இன்னொரு பூனை இருக்கிறது, இன்னொரு பெட்டி இருக்கிறது, இன்னொரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் இன்னொருத்தி, ஆறு மணி தாண்டியதும், உருண்டைகள் போக வழிவிட்டுக் காலைத் தூக்கிக்கொள்கிறாள். எப்பேர்ப்பட்ட கையிலும் நரம்பைக் கண்டுபிடிக்கிறவள் என்று வேலையிடத்தில் பேர் வாங்கியவள் மனைவி. மறுநாள் வேலையில் ஒருவருக்கு மூன்று தடவை ஊசி குத்தினாள். எட்டு நாள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவானோ என்று பயந்தாள். தினமும் ஐந்தோ ஆறோ உருண்டைகள் கூடையிலிருந்து இறங்கித் தெற்கே போய்க்கொண்டிருந்தன.

ஒன்பதாம் நாள் மகளை அத்தானிடம் விட்டுவிட்டு, அவளும் அக்காவும் பின்னாலேயே கிளம்பினார்கள். மண்ணின் வேகத்தில் நடப்பது பெரியவர்களுக்குச் சிரமம். இரண்டு அடி வைத்தால் நிற்க வேண்டும். குனிந்தபடி நடக்கிற இரண்டு பெண்களைப் பார்த்து வழியில் நான்கு பேர் என்ன தொலைந்தது என்று கேட்டார்கள். “கம்மல்,” என்றாள் அக்கா. ஐந்தாவது ஆளும் கூடத் தேடத் தொடங்கி, மருந்துக்கடை வரைக்கும் வந்துவிட்டுப் போனான். உருண்டைகள் மரக்கடைச் சந்தைத் தாண்டின, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டன, சிவப்பு விளக்குக்கு நின்றன.

“வீடு பெருசா இருந்தா என்னடி பண்ணுவே?” என்றாள் அக்கா.

“சும்மா வாக்கா.”

“இல்ல, எனக்கு அவளைப் பார்த்ததும் என்ன பேசறதுன்னு தெரிஞ்சுக்கணும். நான் ரெண்டு விதமா யோசிச்சு வெச்சிருக்கேன்.”

ஏழு பத்துக்கு உருண்டைகள் ஒரு பச்சைக் கேட்டின் அடியில் நுழைந்தன. இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். பக்கவாட்டு நடை, பினாயில் வாசனை, பிறகு ஒரு நீளமான அறை. சுவரோரமாகக் கம்பிக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பூனை. சிலதுக்குக் காலில் கட்டு, ஒன்றுக்குக் கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் புனல். அது கால்நடை மருத்துவமனையின் பூனைப் பிரிவு. நடுவில் பூட்டுக்காரன் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு முட்டிபோட்டுத் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். உருண்டைகள் பக்கத்தில் வந்ததும், திரும்பிப் பார்க்காமலேயே முட்டியைத் தூக்கி வழிவிட்டான். அதன் பிறகுதான் செருப்புகளைப் பார்த்தான்.

மனைவி கூண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கதவுக்குப் பின்னாலும் பார்த்தாள்.

“வேற யாரு இருக்காங்க இங்க?”

“டாக்டரம்மா ஆறு மணிக்கே போயிட்டாங்க. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருக்கார்.” அவன் துடைப்பத்தைக் கீழே வைத்தான். “மத்தபடி இதுங்கதான். பதினாலு.”

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எட்டு நாளாக நெஞ்சில் பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. பக்கத்துக் கூண்டுப் பூனை காதைத் திருப்பிக்கொள்கிற அளவுக்குச் சத்தமாக வந்தது. அக்கா இரண்டு விதமாக யோசித்து வைத்திருந்ததில் ஒன்றுகூட அங்கே செல்லவில்லை.

“எட்டு நாளா எனக்குச் சோறு இறங்கலை,” என்றாள் மனைவி. “பூனைப் பீ அள்றதை மறைக்கவா இவ்வளவு நாடகம்?”

அவன் கையுறையைக் கழற்றாமலேயே எல்லாவற்றையும் சொன்னான். பதினெட்டு வருடத்தில் ஒரு சாவி மாறியதில்லை. இரவு வேலைக்குப் போன மூன்றாம் மாதம், நின்றபடியே தூங்கி, நானூறு பூட்டுக்கு வேறு நானூறு பூட்டின் சாவியைப் போட்டுக் கட்டிவிட்டான். விடிந்ததும், இனிமேல் வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் வீட்டுக்கு வந்தான். பகல் வேலை என்று வாயில் வந்துவிட்டது. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்த பிறகு திருப்பி எடுக்க முடியவில்லை. மண் காட்டிக்கொடுத்துவிடும் என்று, தினமும் காலையில் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, முதல் பேருந்தில் வடக்கே போய்த் தொழிற்சாலை வாசலில் கொட்டிவிட்டு, அங்கிருந்து இரண்டு பேருந்து மாறித் தெற்கே வந்தான். தொழிற்சாலைக் காவலாளி அதற்கு மதிலோரமாக ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்திருந்தார். “இன்னிக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கேண்ணே,” என்று சில நாள் கேட்பார். கொண்டுபோகிற மண்ணைப் பற்றி இத்தனை யோசித்தவன், கொண்டுவருகிற மண்ணைப் பற்றி யோசிக்கவில்லை.

“இந்த வேலை எப்படிக் கிடைச்சுது?” என்று அக்கா கேட்டாள்.

“சிந்தின மண்ணை எப்படிச் சுத்தம் பண்ணுவீங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. எனக்கு முன்னாடி வந்த மூணு பேரும் வாளியைத் தேடினாங்க. நான், மொதல்ல காய்ஞ்ச துடைப்பம், கடைசியிலதான் தண்ணின்னு சொன்னேன். நாளைக்கே வாங்கன்னுட்டாங்க.”

“என் பாத்ரூம் நாறினது வீண்போகலை,” என்றாள் அக்கா.

மனைவி சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. அவனும் சிரித்தான், நடுவில் அழுதுவிட்டு மறுபடியும் சிரித்தான். பிறகு அவள் எழுந்து இரண்டாவது துடைப்பத்தை எடுத்தாள். மீதி ஆறு பெட்டியையும் மூன்று பேருமாக முடித்துவிட்டு ஒரே பேருந்தில் வீடு திரும்பினார்கள். அன்று சாப்பிட்டுப் படுத்தவன் காலை எட்டரை வரைக்கும் புரளாமல் தூங்கினான்.

அதன் பிறகு அவன் வடக்கே போகவில்லை. காவலாளி ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஈரத்தில் கட்டியாகிக் கிளம்ப முடியாமல் மதிலோரம் ஒட்டிக் கிடந்த மண்ணை வழித்து ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவனுடைய மண் தெற்கே இருந்து வரத் தொடங்கியது. முதல் நாள் அது வருவதைப் பார்த்த இஸ்திரிக்காரர், “வேலை மாறிட்டீங்களா?” என்று கேட்டார். “ஆமா, பூனை ஆஸ்பத்திரியில பெருக்கறேன்,” என்றான் அவன். இஸ்திரிக்காரர் தலையாட்டிவிட்டுச் சட்டையின் கையைத் திருப்பிப் போட்டார். தெற்குச் சாலைப் பேருந்து ஓட்டுநர்களுக்குப் பழக மூன்று நாள் ஆனது. பூட்டுக்காரன் என்ற பேர் மட்டும் மாறவில்லை.

இப்போது ஆறு மணிக்கு மகள் கதவை நான்கு விரல் அளவுக்குத் திறந்து வைக்கிறாள். மஞ்சள் மண் கீழே போகும், பள்ளிக்கூடத்துச் சாம்பல் மண் மேலே வரும். இரண்டும் முதல் மாடியில் சந்திக்கிற இடத்தில் நெரிசலாக இருப்பதால், அக்கா தன் வாசல் மிதியடியைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுவிட்டாள். வரிசை கூடத்தைக் கடக்கும்போது முதலாளி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். மனைவி காய் நறுக்கியபடியே இரண்டு காலையும் தூக்கிக்கொள்வாள். கடைசித் துகள் தாண்டிப் போனதும் கீழே வைப்பாள்.